பில்ட்ஹோவனில் வீடு எடுக்கலாமா? காடு பிடித்திருக்கிறது, அமைதிதான் யோசிக்க வைக்கிறது

கொங்குத்தம்பி
வணக்கம். நெதர்லாந்தில், உத்ரெக்ட் நகரத்துச் சயின்ஸ் பார்க்கில் ஆய்வகத்தில் வேலை. ஏப்ரலில் வந்தேன். மனைவியும் மூன்றரை வயது மகளும் ஆகஸ்டில் வந்து சேர்ந்தார்கள். இப்போது நகரத்துக்குள் ஒரு தற்காலிக வீட்டில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். டிசம்பர் கடைசியில் காலி செய்ய வேண்டும்.

போன சனிக்கிழமை பக்கத்து ஊரான பில்ட்ஹோவனில் ஒரு வீடு பார்த்தோம். ரயில் நிலையத்திலிருந்து நடந்து பன்னிரண்டு நிமிடம். பின்னால் சின்னத் தோட்டம், அதற்கும் பின்னால் உயர உயரமான பைன் மரங்கள். தெரு முழுக்கச் சருகு. மகள் காலால் தள்ளித் தள்ளி விளையாடினாள், கிளம்பவே மனமில்லை. வாடகை உத்ரெக்ட் மாதிரிதான், ஆனால் இடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மனைவிக்குத்தான் தயக்கம். நாங்கள் அங்கே நின்ற முக்கால் மணி நேரத்தில் தெருவில் இரண்டே பேர்தான் போனார்கள், ஒருவர் நாயோடு. "பகல் முழுக்க நானும் பாப்பாவும் இந்தச் சத்தமில்லாத வீட்டில் என்ன செய்வோம்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அங்கே குடியிருப்பவர்கள் சொல்லுங்கள். நல்லது கெட்டது இரண்டும் வேண்டும்.

பைன்மரத்தடி
2018இலிருந்து பில்ட்ஹோவனில்தான் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஊர். பில்ட்ஹோவன் தனி நகராட்சி இல்லை, டெ பில்ட் நகராட்சிக்குள் வருகிறது. மார்டென்ஸ்டைக், வெஸ்ட்புரூக், குரூனகான் போன்ற ஊர்களையும் சேர்த்தால் நாற்பதாயிரத்துச் சொச்சம் பேர். வானிலைச் செய்தியில் "டெ பில்ட்டில் இன்று இத்தனை டிகிரி" என்று தினமும் சொல்வார்களே, அதே டெ பில்ட். வானிலை நிலையமான கே.என்.எம்.ஐ. 1897இலிருந்து இங்கேதான் இருக்கிறது. நாட்டுப் பொதுச் சுகாதார நிறுவனமான ஆர்.ஐ.வி.எம். பல வருடங்களாகப் பில்ட்ஹோவன் ஊருக்குள்ளேயே இயங்கிவந்திருக்கிறது. அதை ஒட்டிப் போலியோ தடுப்பூசி செய்யும் தொழிற்சாலை ஒன்று உண்டு. 2012இல் புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட் அதை வாங்கியது. அதனால் காட்டு ஊர் என்றாலும் இந்திய முகம் இங்கே புதிதில்லை.

ரயிலில் உத்ரெக்ட் சுமார் பத்து நிமிடம். சயின்ஸ் பார்க்குக்குச் சைக்கிளில் ஆறேழு கிலோமீட்டர். நான் வாரத்தில் மூன்று நாள் அந்தப் பாதையில் போகிறேன். பாதி தூரம் பண்ணைக்காடுகளுக்கு (பழைய பெரிய பண்ணைவீடுகளைச் சுற்றிய காடுகள்) நடுவே போகும். அக்டோபரில் பீச் மரங்கள் செம்பு நிறமாகி இரண்டு பக்கமும் நிற்கும்போது, அலுவலகம் வந்துவிட்டதே என்று இருக்கும்.

இப்போது வீடு. பைன் மரத்தடி வீட்டுக்கு வேலை அதிகம். கூரை ஓரத் தண்ணீர்க் குழாயில் ஊசியிலை அடைத்துக்கொள்ளும். வருடத்துக்கு இரண்டு முறையாவது எடுக்க வேண்டும், இல்லையென்றால் நவம்பர் மழையில் சுவர் வழியாகத் தண்ணீர் இறங்கும். எங்கள் முதல் வீட்டில் அதை யார் எடுப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லை. வீட்டுக்காரர் என்னைச் சொன்னார், நான் அவரைச் சொன்னேன். அதற்குள் மாடி அறைச் சுவரில் பூஞ்சை ஏறிவிட்டது. நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். தரைக்கல்லில் பாசி பிடிக்கும், வடக்குப் பார்த்த அறைக்கு வெயில் வராது. பகல் பதினொரு மணிக்கு ஒருமுறை போய், விளக்கைப் போடாமல் உள்ளே நின்று பாருங்கள். அந்த வெளிச்சம் போதுமா என்று உங்கள் மனைவியைக் கேளுங்கள்.

தோட்டத்து மரம் உங்களுடையது என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரைக் கேட்க வேண்டும், பெரிய மரம் என்றால் நகராட்சி அனுமதியும் வேண்டும்.

கோடையில் இதற்கெல்லாம் பலன் கிடைக்கும். 2019 ஜூலை 25ஆம் தேதி டெ பில்ட்டில் 37.5 டிகிரி, இங்கே அதுவரை பதிவாகாத வெயில். உத்ரெக்டில் நண்பர் வீட்டு மூன்றாம் மாடியில் உட்காரவே முடியவில்லை. அவர்களைக் குழந்தைகளோடு இங்கே அழைத்து வந்துவிட்டேன். தரையில் பாய் விரித்து எல்லோரும் மத்தியானம் தூங்கினோம்.

அம்ஸ்டெல்வாசி
நான் எதிர்ப்பக்கம் பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இதே மாதிரி ஒரு காட்டு ஊரில் இரண்டு வருடம் இருந்தோம். உங்களைப் போலவே சனிக்கிழமை பார்த்து மயங்கி எடுத்தோம். ரயில் பத்து நிமிடம், சைக்கிள் பாதை அருமை, எல்லாம் சரி. ஆனால் இது வேலைக்குப் போகிறவர் கணக்கு. நான் காலை எட்டு மணிக்குக் கிளம்பி ஆறரைக்கு வருவேன். அந்தப் பத்தரை மணி நேரமும் என் மனைவி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நவம்பர், டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். தெருவிளக்கு குறைவு. நான் வரும்போது முன்னறையில் விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருப்பாள். கேட்டால் "போட மறந்துட்டேன்" என்பாள். எனக்கு அது என்னவென்று புரிய ஒரு வருடம் ஆனது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

அப்புறம் ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய அம்ஸ்டெல்வேனுக்கு மாறினோம். சின்ன வீடு, நாலாவது மாடி, மேலே விமானம் போகிற சத்தம். ஆனால் மாடிப்படியில் இறங்கினால் தமிழ் கேட்கும். இட்லி மாவு இல்லையென்றால் எதிர்வீட்டில் வாங்கலாம். ஆறு மாதத்தில் அவள் பழையபடி ஆனாள்.

உங்கள் மனைவி கேட்ட கேள்வி சரியான கேள்வி தம்பி. அவர் மனம் ஒப்பாமல் எடுக்காதீர்கள்.

இருசக்கரம்
அம்ஸ்டெல்வாசி அண்ணா சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் நான் அதே மாதிரி வீட்டில் இருந்தவள், ஆறு வருடமாக டெ பில்ட்டில் இருப்பவள். அதனால் அந்தப் பத்தரை மணி நேரத்தை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதல் குளிர்காலம் கஷ்டம்தான், அதில் பொய் சொல்ல முடியாது. எனக்கு உதவியது மூன்று விஷயம். ஒன்று, சைக்கிள். ஊரில் டிவிஎஸ் ஓட்டியவள், சைக்கிள் தெரியும் என்று நினைத்தேன். முன்னால் பிள்ளையை வைத்து, எதிர்க்காற்றில், கை காட்டித் திரும்புவது வேறு வித்தை. தெரு வெறிச்சோடிக் கிடந்ததால்தான் பயமில்லாமல் பழகினேன். உத்ரெக்டின் காலை நேரத்துச் சைக்கிள் கூட்டத்தில் பழகியிருக்கவே முடியாது.

இரண்டு, பள்ளிக்கூடம். உங்கள் மகளுக்கு நாலு வயது ஆனதும் முதல் வகுப்பில் சேர்க்கலாம். ஐந்து வயதிலிருந்துதான் கட்டாயம். ஆனால் எல்லோரும் நாலிலேயே அனுப்புவார்கள். அதற்கு முன் வாரத்தில் சில காலைப் பொழுது விளையாட்டுப் பள்ளிக்கு அனுப்பினால் மொழி தானாக வரும். மத்தியானம் பள்ளி வாசலில் பத்து நிமிடம் காத்து நிற்பீர்களே, அம்மாக்களோடு பழக்கம் அங்கேதான் தொடங்கும். அவர்களாக வந்து பேச மாட்டார்கள், நாம் ஒரு வார்த்தை கேட்டால் நின்று பதில் சொல்வார்கள். பில்ட்ஹோவனில் கல்வியாளர் கேஸ் பூக்கெ 1926இல் தொடங்கிய பள்ளி இன்னும் நடக்கிறது. பிள்ளைகளை அங்கே மாணவர் என்று சொல்வதில்லை, "வேலை செய்பவர்" என்றுதான் சொல்வார்கள். முன்னாள் ராணி பேயாட்ரிக்ஸும் சிறுமியாக அங்கே படித்தவர்தான். நீங்கள் அதிலேயே சேர்க்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. இந்தச் சின்ன ஊரில் பள்ளிகளுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்பதற்காகச் சொன்னேன். நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்று, பக்கத்து வீடு. குடிவந்த வாரமே நாமாகப் போய்க் கதவைத் தட்டிப் பெயர் சொல்ல வேண்டும், இங்கே வழக்கம் அதுதான். நான் அது தெரியாமல் நாலு மாதம் சும்மா இருந்தேன். ஒரு நாள் பக்கத்து வீட்டு அம்மா மணி அடித்தார், எழுபது வயது இருக்கும். தினமும் காலையில் உங்கள் வீட்டில் ஊய் என்று ஒரு சத்தம் கேட்கிறதே, எல்லாம் சரியா என்று கேட்டார். குக்கர் விசில். உள்ளே அழைத்துக் காட்டினேன். பருப்பு வேகும்வரை உட்கார்ந்திருந்து ரசம் குடித்துவிட்டுப் போனார். இன்று என் டச்சு பேசுகிற அளவுக்கு இருக்கிறது என்றால் பாதி அவர் கொடுத்தது. அடுக்குமாடி வீட்டில் அந்தச் சத்தம் யார் காதிலும் தனியாக விழுந்திருக்காது.

கொங்குத்தம்பி
அண்ணா, அக்கா, மனமார்ந்த நன்றி. மனைவியும் உட்கார்ந்து படித்தாள். அந்த விளக்கு போடாத வரியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். இன்னும் இரண்டு கேள்வி. காட்டில் ஓநாய் இருக்கிறது என்கிறார்களே, உண்மையா? பூச்சி, உண்ணி எல்லாம் எப்படி?

பைன்மரத்தடி
ஓநாய் உண்மைதான். உத்ரெக்ட் குன்றுத்தொடரில் குடியேறிவிட்டது. 2024 கோடையில் லூஸ்டன் பக்கம் டென் ட்ரெக் காட்டில் ஒரு குழந்தையைக் கடித்தது. சின்னப் பிள்ளைகளோடு அந்தப் பக்கக் காடுகளுக்குப் போக வேண்டாம் என்று மாகாண அரசே சொன்னது. அது எங்கள் தெரு முனைக் காடு இல்லை, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கிழக்கே. நான் இத்தனை வருடத்தில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அதற்காக அலட்சியம் வேண்டாம். போவதற்கு முன் அறிவிப்பைப் பாருங்கள், பாப்பாவை ஓடவிட்டுப் பின்னால் நடக்காதீர்கள், கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பண்ணைக்காடுகள் பெரும்பாலும் சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரைதான் திறப்பு, வாசல் பலகையிலேயே எழுதியிருக்கும்.

நான் ஓநாயைவிட மரத்துக்குத்தான் பயப்படுவேன். 2022 பிப்ரவரி 18, யூனிஸ் புயல். மத்தியானத்துக்கு மேல் நாடு முழுக்க ரயிலை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் மாடி அறையை விட்டுக் கீழே வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். பைன் மரத்துக்கு ஆட்டம் அடியிலிருந்து வரும். சாயங்காலம் வேர் நெரிகிற சத்தம் கேட்டது, கனமான கயிறு முறுக்குவது போல. பிறகு தரை ஒரு தரம் அதிர்ந்தது. எங்கள் மரம் இல்லை, எதிர்வீட்டு மரம், தெருவுக்குக் குறுக்கே. வேரோடு சாய்ந்து கிடந்ததைக் காலையில் பார்த்தேன். வேர்த்தட்டு என் உயரத்துக்கு மேல் நின்றது, அடியில் வெறும் மணல். இந்தக் குன்றுத்தொடரே பனியுகத்தில் பனிப்பாளம் தள்ளிக் குவித்த மணல்தான். அதில் வேர் எவ்வளவு பிடிக்கும்? புயல் எச்சரிக்கை ஆரஞ்சு என்றால் அன்று காட்டுப் பக்கம் தலைவைக்காதீர்கள். வீட்டு மரத்தைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று உரிமையாளரிடம் கேளுங்கள்.

இருசக்கரம்
உண்ணியைப் பற்றி நான் சொல்கிறேன், இது அனுபவம்.

மூத்தவளுக்கு அப்போது ஐந்து வயது. ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்கப் பின்னலை அவிழ்த்தேன். காதுக்குப் பின்னால், முடி தொடங்கும் இடத்தில், எள்ளளவு கறுப்பு. அழுக்கு என்று நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் அதற்குக் கால் இருந்தது. ஊருக்குப் போன் போட்டேன். வேப்பெண்ணெய் வை, தானாக விழும் என்றார்கள் அம்மா. வைத்தேன். அதைச் செய்திருக்கக் கூடாது என்று பின்னால்தான் தெரிந்தது. எண்ணெய், சோப்பு எதுவும் போடக் கூடாது. கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், எடுத்த பிறகுதான் மருந்து தடவ வேண்டும். தேதியை நாட்காட்டியில் எழுதி, மூன்று மாதம் அந்த இடத்தைக் கவனியுங்கள். சிவந்த வட்டம் பரவினாலோ காய்ச்சல், மூட்டுவலி வந்தாலோ ஹவுஸ்ஆர்ட்ஸிடம் (குடும்ப மருத்துவர்) உடனே போங்கள். அது உண்ணி பரப்பும் லைம் நோயாக இருக்கலாம், ஆரம்பத்தில் பிடித்தால் மாத்திரையில் சரியாகும். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்த நாட்டில் வருடத்துக்கு 15 லட்சம் உண்ணிக்கடி, 27,000 பேருக்கு லைம் என்பது ஆர்.ஐ.வி.எம். சொல்லும் கணக்கு. காட்டுக்குப் போனால்தான் என்றில்லை, தோட்டத்துப் புல்லிலும் ஏறும். மார்ச்சிலிருந்து அக்டோபர்வரை குளிப்பாட்டும்போது தினமும் பாருங்கள். முழங்கால் மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு, காதோரம். எங்கள் வீட்டில் இப்போது பல் தேய்ப்பது போல அதுவும் ஒரு பழக்கம்.

ஓக் மரத்தில் கம்பளிப்பூச்சி மே, ஜூனில் வரிசையாக ஏறும். அதன் முடி காற்றில் பறந்து உடம்பெல்லாம் அரிக்கும். மரத்தில் எச்சரிக்கை நாடா கட்டியிருந்தால் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போங்கள்.

வடமராட்சியான்
தம்பி, நான் 1991இல் அகதியாக வந்தவன். எங்களை எங்கே போட்டார்களோ அங்கே இருந்தோம், தெரிவு ஒன்றும் இல்லை. முகாமே காட்டுக்குள்தான் இருந்தது. ஷெல் சத்தம் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அந்த அமைதி முதலில் பயம். இரவில் ஒரு சத்தமும் இல்லையென்றால் ஏதோ நடக்கப் போகுது என்றுதான் மனம் நினைக்கும். காவலுக்கு இருக்கிற மாதிரி விழித்துக்கொண்டு கிடப்போம். பிறகு மெல்ல மெல்ல அந்த மரங்களுக்குக் கீழேதான் நான் நித்திரை கொள்ளப் பழகினேன். இப்போது ஸைஸ்டில் இருக்கிறேன், உங்களுக்குப் பக்கத்து நகராட்சி. பிள்ளைகள் ஆம்ஸ்டர்டாமுக்கு வாங்கோ என்று கூப்பிடுகிறார்கள். போக மனமில்லை.

உங்கள் மனைவிக்கு ஒன்று சொல்லுங்கோ. தமிழ்ச் சனம் பக்கத்தில் இல்லை என்று யோசிக்க வேண்டாம். டென் ஹெல்டரில் எங்கள் ஆட்கள் கட்டிய பிள்ளையார் கோவில் இருக்கிறது, உத்ரெக்டிலிருந்து ரயிலில் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். கோடையில் தேர் பாருங்கோ, நாடு முழுக்க இருந்து சனம் வரும். கறிவேப்பிலை, வெண்டிக்காய், முருங்கைக்காய்க்கு உத்ரெக்ட் லொம்பொக் பகுதியில் கானால் தெரு. நான் மாதத்தில் இரண்டு முறை போவேன்.

அக்டோபரில் காட்டில் செஸ்ட்நட் விழும், சப்பாத்தால் முள்ளுக்கோதை மிதித்துப் பிரித்து எடுக்கலாம். வீட்டில் கீறிப்போட்டு வறுத்தால் பனங்கிழங்கு அவித்த வாசம் ஒரு கணம் வரும். எனக்கு மட்டும்தானோ தெரியாது.

அம்ஸ்டெல்வாசி
ஐயா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத வரவில்லை. வணக்கம்.

கொங்குத்தம்பி, என் கருத்தைக் கொஞ்சம் திருத்திச் சொல்கிறேன். ஊரைவிட, உங்கள் மனைவிக்கு வாரத்தில் எத்தனை நாள் வெளியே போக ஒரு காரணம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. எங்கள் தப்பு, பிள்ளை இல்லை, மொழி வகுப்பு இல்லை, சைக்கிள் பழகவில்லை, நானும் வீட்டிலிருந்து வேலை செய்ய ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய முடியுமா என்று முதலில் கேளுங்கள். நூலகத்தில் மொழி பழகும் கூட்டம் என்றைக்கு என்று பாருங்கள். அந்த நாட்களைத் தாளில் எழுதுங்கள். எழுதின பிறகும் திங்களிலிருந்து வெள்ளிவரை காலியாக இருந்தால் எடுக்காதீர்கள்.

செம்பருத்தி
வணக்கம். நான் கொங்குத்தம்பியின் மனைவி. இதில் எழுதவே கணக்குத் தொடங்கினேன்.

நேற்று செவ்வாய்க்கிழமை. அவரிடம் சொல்லாமல் நானும் பாப்பாவும் மட்டும் ரயிலில் பில்ட்ஹோவன் போனோம். சனிக்கிழமை பார்த்தது போதாது என்று தோன்றியது. அந்தத் தெருவில் பதினொரு மணிக்குப் போய் நின்றேன், பைன்மரத்தடி அண்ணா சொன்ன மாதிரி. வீட்டுக்குள் போக முடியாது, வெளியிலிருந்து சன்னல் வழியாகப் பார்த்தேன். முன்னறையில் வெயில் விழுந்திருந்தது. சமையல்கட்டில் இல்லை.

தெரு முனையில் கம்பி வலையால் ஒரு பெரிய கூடை வைத்திருந்தார்கள், உள்ளே சருகு. ஒரு பெரியவர் வாரிக்கொண்டிருந்தார். பாப்பா அவர் பக்கத்தில் போய்க் கையால் அள்ளிப் போட ஆரம்பித்துவிட்டாள். அவர் ஏதோ சொன்னார், எனக்குப் புரியவில்லை. உள்ளே போய் ஒரு சின்ன வாருகோலைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார், அவர் பேரனுடையதாக இருக்கும். அரை மணி நேரம் இரண்டு பேரும் வாரினார்கள். நான் நின்றேன். அந்த அரை மணி நேரமும் யாரும் அவசரப்படவில்லை. எனக்கு ஊரில் எங்கள் ஆத்தா களத்துமேட்டில் கூட்டிக்கொண்டிருப்பது நினைவு வந்தது. அழுகை வந்தது, ஆனால் கவலையால் இல்லை.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அம்ஸ்டெல்வாசி அண்ணா எழுதியது எனக்கு நாளைக்கும் நினைவிருக்கும். ஒரு வருடத்துக்கு மட்டும் சம்மதம் சொல்லியிருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் அவர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார், ஆய்வகத்தில் கேட்டு வாங்கிவிட்டார். தண்ணீர்க் குழாய் சுத்தம் உரிமையாளர் பொறுப்பு என்று எழுதச் சொல்லியிருக்கிறோம்.

இருசக்கரம் அக்கா, எனக்குச் சைக்கிள் சுமாராகத்தான் வரும். பாப்பாவை உட்கார வைக்கிற மாதிரி பழைய சைக்கிள் எங்கே கிடைக்கும்?

இருசக்கரம்
வாங்க வேண்டாம் கண்ணு. என் சின்னவன் தனியாக ஓட்ட ஆரம்பித்துவிட்டான், பிள்ளை இருக்கையோடு என் பழைய சைக்கிள் கொட்டகையில் சும்மா நிற்கிறது. பின் டயருக்குக் காற்று அடிக்க வேண்டும், மணி மட்டும் மாற்ற வேண்டும். தனிச்செய்தியில் முகவரி அனுப்புகிறேன், சனிக்கிழமை பத்து மணிக்கு வந்துவிடுங்கள். பாப்பாவுக்குத் தலைக்கவசம் மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். சமையல்கட்டுக்கு வெளிச்சம் வராது என்றீர்களே, கறிவேப்பிலைத் தொட்டியை முன்னறைச் சன்னலில் வையுங்கள். என்னிடம் இரண்டு கன்று இருக்கிறது, ஒன்றைக் கையோடு கொண்டு போகலாம்.